விளையாட வந்தவர்களும் நம்ம கோயம்புத்தூரும்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வகுப்பில் நாற்பது நிமிஷ மணி அடித்தாலும் நிறுத்தாதவள் நான் என்று உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். காந்திபுரத்தில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறான். வியாபாரம் எப்படிப்பா என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஊட்டி சீசன் கூட்டத்தால நமக்கு என்னங்க டீச்சர் ஆவுது? ஒரு டீ குடிப்பாங்க, பாத்ரூம் எங்கன்னு கேப்பாங்க, பஸ் ஏறிப் போயிருவாங்க. பாஸ்கெட்பால் டோர்னமென்ட் வந்தாத்தானுங்க நமக்கு யாவாரம். ஒரு டீம் வந்து எறங்குனா அஞ்சு நாளைக்கு மூணு வேளையும் நம்ம கைச்சோறு. அடுத்த வருசமும் அதே பசங்க தேடிக்கிட்டு வர்றாங்க."

அவன் போன பிறகும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. ஊருக்கு வெளியாட்கள் வருவது என்றால் மலை, அருவி, கோவில் என்றுதான் நினைக்கிறோம். விளையாட வருகிறவர்களையும், அதைப் பார்க்க வருகிறவர்களையும் யாரும் சுற்றுலாக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் கோயம்புத்தூருக்கு அப்படி ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைத்தான் எனக்குத் தெரிந்த வரையில் இங்கே எழுதுகிறேன்.

குதிரை ஓடிய வட்டம்

ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், ரேஸ் கோர்ஸ்ல குதிரை எங்கீங்க?" வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் நல்ல கேள்வி அது. ஆங்கிலேயர் காலத்தில் அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. குதிரைகள் போய்விட்டன, வட்டம் மட்டும் நின்றது. இன்றைக்கு அந்த இரண்டரைக் கிலோமீட்டர் சுற்றில் காலையில் எத்தனை பேர் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள்! ஒரு போட்டி நின்று போனாலும் அதற்காக ஒதுக்கிய இடம் காப்பாற்றப்பட்டால் அடுத்தடுத்த தலைமுறைக்கு அது பயன்படும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதற்கு முதல் சாட்சி ரேஸ் கோர்ஸ்தான்.

அடுத்தது மில் காலம். 1888ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே முதல் நூற்பாலையைத் தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் வரிசையாக எழுந்தன. ஷிப்ட் முடிந்த தொழிலாளிக்கு ஒரு மைதானம், ஒரு வலை, ஒரு பந்து. என் அப்பாவும் மில் தொழிலாளிதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாலிபால் மேட்ச் என்றால் என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு போவார். திருப்பூரில் இருந்தும் ஈரோட்டில் இருந்தும் டீம் வரும். வந்தவர்களுக்குச் சாப்பாடு மில் கேன்டீனில், படுக்கை தொழிலாளிகள் வீட்டுத் திண்ணையில். விளையாட்டும் விருந்தும் சேர்ந்தே நடந்த காலம் அது. டிக்கெட் கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது. பட்டாணி சுண்டல் விற்கிற பாட்டிக்கு மட்டும் அன்றைக்கு நல்ல காசு.

கூடைப்பந்து பிடித்த வேர்

மில் மைதானங்கள் ஒவ்வொன்றாகப் போன பிறகும் நம்ம ஊரில் வேர் பிடித்து நின்றது கூடைப்பந்து. பி.எஸ்.ஜி. கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி ஐம்பது முறைக்கு மேல் நடந்துவிட்டது. பொள்ளாச்சியில் பஸ் தொழிலை வளர்த்த நாச்சிமுத்துக் கவுண்டர் பெயரில், கோவை மாவட்டக் கூடைப்பந்துக் கழகம் நடத்தும் ஆண்கள் போட்டியும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதோடு சேர்ந்தே பெண்கள் அணிகளுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை. பஸ் ஓட்டியவர் பெயரில் ஒன்று, பம்ப் செய்கிறவர்கள் பெயரில் ஒன்று, பாலிடெக்னிக்கும் கல்லூரியும் நடத்துகிறவர்கள் பெயரில் ஒன்று. இந்த ஊரின் தொழில் வரலாறு முழுக்கக் கோப்பைப் பெயர்களிலேயே இருக்கிறது பாருங்கள்.

வருகிறவர்கள் யார்? சென்னையில் இருந்து இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. கேரளத்தில் இருந்து மின்வாரிய அணி. ரயில்வே, ராணுவம், கடற்படை, விமானப் படை அணிகள். நாட்டின் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் ஒரு முறையாவது வ.உ.சி. பூங்கா பக்கத்து ஆடுகளத்திலோ பி.எஸ்.ஜி. உள்ளரங்கிலோ வியர்வை சிந்தியிருப்பார்கள். வ.உ.சி. செக்கிழுத்த மத்திய சிறைக்குப் பக்கத்தில், அவர் பெயரில் உள்ள பூங்காவுக்கு அருகே, இந்தியா முழுவதிலும் இருந்து வந்த பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள் என்பதே எனக்கு ஒரு நிறைவு.

இதற்கென்று புதிதாக எதுவும் கட்டவில்லை. ஆடுகளம் ஏற்கெனவே இருந்தது. தங்க லாட்ஜ் காந்திபுரத்திலேயே இருக்கிறது. வந்து சேர சேரன் எக்ஸ்பிரஸ், நீலகிரி எக்ஸ்பிரஸ், பாலக்காட்டு பஸ். ஆட்டம் சாயங்காலம்தான். காலையில் ஓய்வு கிடைத்தால் பசங்க டவுன் பஸ் ஏறி மருதமலைக்கோ பேரூருக்கோ போய்வருவார்கள். சிறுவாணித் தண்ணீரைக் குடித்துவிட்டு "இதில் என்ன கலக்கிறீர்கள்?" என்று கேட்ட வடநாட்டு ஆட்டக்காரரை நானே பார்த்திருக்கிறேன்.

கணக்கு டீச்சர் என்பதால் ஒரு கணக்கு. எட்டு அணி வருகிறது என்று வையுங்கள். அணிக்கு 12 ஆட்டக்காரர், ஒரு பயிற்சியாளர், ஒரு மேலாளர், மொத்தம் 14. எட்டுக்கு 112 பேர். ஐந்து நாள், மூன்று வேளை என்றால் 1,680 சாப்பாடு. இரண்டு பேருக்கு ஓர் அறை என்றால் தினம் 56 அறை. இதில் நடுவர், பெற்றோர், பார்க்க வந்த வெளியூர்க்காரர் சேரவில்லை. இது பெரிய தொகையா? ஒரு நட்சத்திர ஓட்டலுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் இந்தப் பணம் நட்சத்திர ஓட்டலுக்குப் போவதில்லை. மெஸ்காரர், சலவைக்காரர், ஆட்டோக்காரர், வாழைப்பழக் கடை, பூட்ஸ் தைக்கிறவர், மருந்துக் கடை என்று பிரிந்து போகிறது. ஒரே கையில் விழுகிற ஆயிரம் ரூபாயைவிடப் பத்துக் கையில் விழுகிற நூறு ரூபாய் ஊருக்குள் அதிக நாள் சுற்றும்.

1992: பாலக்காடு மொத்தமும் வந்த வருஷம்

அந்த வருஷம் சந்தோஷ் டிராபி கால்பந்துப் போட்டி கோயம்புத்தூரில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் கேரளா கோவாவை 3-0 என்று வென்றது. வி.பி. சத்யன் தலைமையில் ஆடிய அணி. பின்னாளில் அவர் வாழ்க்கையை மலையாளத்தில் 'கேப்டன்' என்று சினிமாவாகவும் எடுத்தார்கள்.

என் நாத்தனார் கொழிஞ்சாம்பாறையில் வாழ்க்கைப்பட்டவர். அண்ணன் (நாத்தனார் வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) "மேட்ச் பார்க்க வர்றேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு ஆள் என்று நினைத்தோம், வந்தது ஏழு பேர். ரத்தினபுரியில் எங்கள் வீடு அப்போது ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. எங்கள் அத்தை ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. பெரிய அண்டாவில் அரிசிம்பருப்புச் சோறு வைத்து, நெய் ஊற்றிப் போட்டார். மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். விடிய விடியப் பேச்சு, சிரிப்பு. லாட்ஜில் இடமில்லை என்று தெருவில் இன்னும் நான்கைந்து வீட்டிலும் இதே கதைதான்.

ஜெயித்த ராத்திரி பஸ் நிலையத்தில் நான் பார்த்த கூட்டத்தை இன்றும் மறக்க முடியாது. செண்டை இல்லை, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். டீக்கடையில் பால் தீர்ந்துவிட்டது. ஊர் எல்லையில் மொழி மாறும், மாநிலம் மாறும். அன்றைக்கு அந்த எல்லையே இல்லாதது போல் இருந்தது. அந்த ஏழு பேரில் இரண்டு பேர் அதற்குப் பிறகு தீபாவளித் துணி எடுக்க வருஷா வருஷம் கிராஸ்கட் ரோட்டுக்குத்தான் வந்தார்கள். ஒருவர் மகளை இங்கே கல்லூரியில் சேர்த்தார். ஆட்டம் ஒன்றரை மணி நேரம். உறவு முப்பது வருஷமாக நீள்கிறது.

பேராசைப்பட்டவர்கள் பாடம்

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கனடாவின் மான்ட்ரியல் நகரம் 1976ல் ஒலிம்பிக் நடத்தியது. அதற்குக் கட்டிய மைதானக் கடனை அடைத்து முடித்தது 2006ல். முப்பது வருஷம்! அந்தப் போட்டியின்போது பிறந்த குழந்தைக்கு முப்பது வயதாகும் வரை ஊர் கடன் கட்டியிருக்கிறது. 2004ல் ஏதென்ஸ் நகரில் கட்டிய அரங்குகள் பல பிறகு புல் முளைத்துப் பூட்டிக் கிடந்தன. பதினைந்து நாள் விருந்துக்காக வீட்டை அடமானம் வைத்த கதைதான்.

நமக்குப் பக்கத்திலேயே வேறொரு பாடம் இருக்கிறது. ஊட்டி. சீசனில் கல்லாறு தாண்டினால் வண்டி நகராது. மலையால் தாங்க முடியவில்லை என்றுதான் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். வருகிறவர்கள் பேரில் குற்றம் இல்லை. எல்லாரும் ஒரே மாதத்தில், ஒரே இடத்துக்கு, சொந்த வண்டியில் வந்தால் எந்த மலைதான் தாங்கும்?

'நீடித்த சுற்றுலா' என்று இப்போது பேசுகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2017ஐ அதற்கான ஆண்டாகவே அறிவித்தது. என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல் எளிமையாகச் சொன்னால் மூன்றே விஷயம். வந்தவர் நிறைவாகத் திரும்ப வேண்டும். இருப்பவருக்கு வருமானம் வேண்டும், தொல்லை கூடாது. நாளைக்குப் பிறக்கப் போகிற பிள்ளைக்கும் இதே இடம், இதே தண்ணீர் மிச்சம் இருக்க வேண்டும். சின்னப் போட்டி இந்த மூன்றுக்கும் ஒத்துவருகிறது. ஊர் தாங்குகிற அளவுக்குத்தான் ஆள் வருகிறது. பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறது. சீசன் இல்லாத மாதத்திலும் நடத்தலாம். வருஷா வருஷம் திரும்பவும் வருகிறது.

திரும்பவும் வருவது என்பதை அழுத்திச் சொல்கிறேன். சென்னை சிட்டி என்ற கால்பந்து அணி நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஐ-லீக் ஆடியது நினைவிருக்கிறதா? 2019 மார்ச் 9ஆம் தேதி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சாம்பியனே ஆனது. நம்ம ஊர் மண்ணில் இந்திய லீக் கோப்பை! என் பேரன் தொண்டை கட்டும் வரை கத்தினான். ஆனால் அடுத்த சில வருஷத்தில் கொரோனா வந்தது, அந்த ஆட்டங்களும் இங்கே இல்லாமல் போயின. அந்த அணியைக் குறை சொல்லவில்லை, எங்களுக்கு அழகான நாட்களைக் கொடுத்தது. ஆனால் வெளியில் இருந்து வந்த வெற்றி வெளியிலேயே போய்விடலாம். ஊர்க்காரர்கள் கூடி, ஊர்ப் பணத்தில், வருஷம் தவறாமல் நடத்துகிற கூடைப்பந்துப் போட்டி அப்படிப் போவதில்லை. கொரோனா தடுத்து நிறுத்தினாலும் திரும்ப எழுந்து வந்தது.

புதிதாக முளைத்தவை

2013ல் கோயம்புத்தூர் மாரத்தான் தொடங்கியது. கோவை புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடக்கிற ஓட்டம். பெங்களூரில் இருந்தும் கொச்சியில் இருந்தும் ஓட வருகிறவர்கள் முதல் நாள் ராத்திரியே வந்து தங்குகிறார்கள். காலை ஐந்து மணிக்கு ஊர் சாலையே மைதானம். ஒன்பது மணிக்கெல்லாம் சாலை பழையபடி சாலை. எதையும் கட்டவும் இல்லை, இடிக்கவும் இல்லை. முடிந்ததும் எல்லாரும் இட்லிக்கடை வாசலில்!

செட்டிப்பாளையத்தில் 2003ல் திறந்த காரி மோட்டார் ஸ்பீட்வே உங்களுக்குத் தெரியும். கார்ப் பந்தயத்தை இந்த ஊரில் வளர்த்து, 1995ல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் பெயரைத் தாங்கியது. இந்தியாவின் முதல் பார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனின் ஊர் இது என்பதால் அந்தப் பெயருக்கு இன்னும் கனம். பெட்ரோல் புகையும் சத்தமும் சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே ஜனவரியில் பார்முலா பாரத் என்று நடக்கிறது. நாடு முழுவதிலும் இருந்து பொறியியல் மாணவர்கள் தாங்களே செய்த வண்டியோடு வருகிறார்கள். மின்சார வண்டியும் வருகிறது. ஒரு போல்ட் உடைந்தால் சிட்கோவுக்கு ஓடுகிறார்கள். நம்ம லேத் பட்டறைக்காரர் அரை மணியில் கடைந்து கொடுக்கிறார். வந்த பையன் ஊர் திரும்பும்போது மலையின் படத்தை எடுத்துப் போவதில்லை. "கோயம்புத்தூரில் எதையும் செய்து தருவார்கள்" என்ற எண்ணத்தை எடுத்துப் போகிறான்.

2022 செப்டம்பரில் துலீப் டிராபி கிரிக்கெட் இறுதி ஆட்டம் எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்தது. யஷஸ்வி ஜெய்ஸ்வால் 265 ரன் எடுத்தார். மேற்கு மண்டலம் 294 ரன்னில் தெற்கை வென்றது. ஒரு கல்லூரி மைதானம்தான். படிக்கிற பிள்ளைகள் விளையாடுகிற இடம், அந்த ஐந்து நாளும் இந்தியாவுக்கே தெரிந்த இடமாக இருந்தது.

கொங்கு மண்ணுக்கே உரிய ரேக்ளாவைச் சொல்லாமல் விட்டால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர் என்று ஓட்டம். முதல் பரிசு தங்கக் காசு. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நின்றது. 2017 ஜனவரியில் பிள்ளைகள் எல்லாம் வ.உ.சி. மைதானத்தில் இரவு பகலாக உட்கார்ந்ததும், சட்டம் வந்ததும், 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதும் உங்களுக்கே தெரியும். ஓட்டம் இருந்தால்தான் காங்கேயம் கன்றைக் காளையாக வளர்க்க ஆள் இருக்கும். ஆனால் விதியை மீறி வாயில்லா ஜீவனைத் துன்புறுத்தினால் அந்தப் பாவத்தோடு போட்டியும் போய்விடும். அடித்து விரட்டி ஜெயிக்கிற காளையைப் பார்க்க எந்த ஊரில் இருந்தும் யாரும் குடும்பத்தோடு வரமாட்டார்கள்.

குறையும் சொல்ல வேண்டும்

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் நான் ஆசிரியை இல்லை.

ஒன்று, குப்பை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுக்கத் தடை. இருந்தும் எந்தப் போட்டி முடிந்தாலும் கப்பும் பாட்டிலும் காலில் மிதிபடுகின்றன. அத்தனையும் கடைசியில் வெள்ளலூருக்குத்தான் போகும். அங்கே குடியிருப்பவர்களும் நம்ம மனிதர்கள்தான். ஓட வந்தவன் ஆரோக்கியத்துக்கு, வெள்ளலூர்க் குழந்தை ஏன் மூச்சு முட்ட வேண்டும்?

இரண்டு, பெண் பிள்ளைகளுக்கான வசதி. 1980களின் கடைசியில் பன்னிரண்டு பெண் குழந்தைகளைக் கோ-கோ போட்டிக்கு ஒரு வெளியூருக்கு அழைத்துப் போனேன். எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை. தங்கக் கொடுத்த கூடத்துக்குக் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. குளியலறைக்குக் கதவே இல்லை. இரண்டு ராத்திரியும் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தே கழித்தேன். பிள்ளைகள் தூங்கியதா என்று கேட்காதீர்கள். இரண்டாம் சுற்றிலேயே தோற்றோம். அதற்குப் பிறகு மூன்று வருஷம் எந்தப் பெற்றோரும் பெண்ணை வெளியூர் போட்டிக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை. ஒரு தாழ்ப்பாள், ஊர் மேல் உள்ள நம்பிக்கையையே தீர்மானித்துவிட்டது. கோவையில் பெண்கள் கூடைப்பந்து அணிகள் ராத்திரி ஆட்டம் முடிந்து சிரித்துப் பேசிக்கொண்டு நடந்து போவதைப் பார்க்கும்போது அந்தத் தாழ்ப்பாள்தான் ஞாபகம் வரும். விளையாட வருகிற பெண் பயமில்லாமல் தூங்குகிற ஊருக்கு, நாளைக்குக் குடும்பங்கள் தானாகவே வரும்.

மூன்றாவது குறை என்னுடையது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் ஒரு மைதானம் இருந்தது. பெரிதில்லை. ஒரு கோ-கோ களம், ஒரு வாலிபால் வலை, ஓரத்தில் இரண்டு வேப்பமரம். வட்டார அளவிலான போட்டி வருஷா வருஷம் அங்கே நடக்கும். வால்பாறையில் இருந்து பிள்ளைகள் வந்து வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருக்கிறார்கள். டவுன் பஸ்ஸையும் டிராபிக் சிக்னலையும் வாய் பிளந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு அதுதான் முதல் சுற்றுலா. நம்ம பிள்ளைகள் வீட்டில் இருந்து ஆளுக்கு ஒரு டிபன் கட்டிக்கொண்டு வந்து அவர்களோடு பகிர்ந்து சாப்பிடும்.

ஒரு வருஷம் பள்ளிக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கப் பணம் இல்லை. பண்டிகை நேரத்தில் வண்டி நிறுத்த மைதானத்தை வாடகைக்குக் கேட்டார்கள். 'ஒரு மாசம்தானே' என்று கூட்டத்தில் எல்லாரும் சம்மதித்தோம். தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஒரு மாசம் இரண்டானது. அடுத்த வருஷம் பாதி மைதானத்தில் ஜல்லி கொட்டினார்கள். கோ-கோ கம்பத்தைப் பிடுங்கிச் சுவரோரம் சாத்தினார்கள். வட்டாரப் போட்டி வேறு பள்ளிக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று நான் விசாரிக்கக்கூட இல்லை. ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டார்கள், பாராட்டினார்கள். அந்தக் கம்பம் அப்போதும் சுவரில்தான் சாய்ந்து கிடந்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால், அந்தக் கோ-கோ டீமில் ஆடிய பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். வழியில் பள்ளியை எட்டிப் பார்த்திருக்கிறாள். "டீச்சர், நம்ம கிரவுண்டு எங்கீங்க?" என்று கேட்டாள். ரேஸ் கோர்ஸில் குதிரை எங்கே என்று கேட்ட பையனுக்கு என்னிடம் பதில் இருந்தது. இவளுக்கு இல்லை.

குதிரை போனாலும் வட்டத்தைக் காப்பாற்றிய ஊர் இது. மில் போனபோது மில் மைதானத்தைக் காப்பாற்ற நமக்குத் தோன்றவில்லை. பள்ளி மைதானத்தையும் அப்படியே விட்டால், ஐம்பது வருஷம் கழித்துப் பி.எஸ்.ஜி. கோப்பையில் ஆட நம்ம ஊர்ப் பிள்ளை இருக்காது. வெளியூர் அணிகள் வந்து வெளியூர் அணிகளோடு ஆடிவிட்டுப் போகும். மெஸ்காரருக்கு யாவாரம் நடக்கலாம், ஆனால் நமக்கு அதில் பெருமைப்பட என்ன இருக்கும்? போட்டி நடத்துகிற ஊர் என்பது விளையாடுகிற ஊராகவும் இருந்தால்தான் நிலைக்கும்.

அதனால் மூன்று வேண்டுகோள்.

1. அடுத்த கூடைப்பந்துப் போட்டிக்கு உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். செல்போனில் பார்க்க வேண்டாம், நேரில் பாருங்கள். போகும்போது வீட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போங்கள்.

2. லாட்ஜ், மெஸ், ஆட்டோ நடத்துகிற என் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். விளையாட வந்த பிள்ளையிடம் கூடுதல் காசு கேட்காதீர்கள். பெண் பிள்ளைகள் தங்குகிற அறைத் தாழ்ப்பாளை ஒரு முறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

3. உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியில் மைதானம் எத்தனை அடி இருக்கிறது என்று கேளுங்கள். குறைந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

நானும் கேட்கப் போகிறேன். வரும் வெள்ளிக்கிழமை எங்கள் பழைய பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அந்தப் பாதி மைதானத்தைத் திருப்பிக் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட அதே கைதான் மனுவிலும் போட்டிருக்கிறது. என்ன சொல்வார்களோ தெரியாது. அந்தப் பள்ளியில் படித்தவர்கள், முடிந்தால் சாயங்காலம் நாலு மணிக்கு வாசலுக்கு வாருங்கள். சத்தம் போட வேண்டாம், வந்து நின்றால் போதும். வேப்பமரம் இரண்டும் இன்னும் இருக்கிறது. நிழலில் நிற்கலாம்.

1992 மேட்ச் பார்த்தவர்கள், மில் மைதானத்தில் ஆடியவர்கள், வெளியூர் டீமுக்கு வீட்டில் சோறு போட்டவர்கள் உங்கள் நினைவுகளைக் கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

எல்லாரும் நல்லா இருங்க கண்ணுகளா.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
காந்திபுரம், கோயம்புத்தூர்